சுல்தானின் சொந்தபந்தங்கள்

கனமூலை ஊரில் மீராசாஹிப்புக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து பொய் சொல்லிவிட்டு எழும்பிப் போன மாப்பிள்ளை ஒருவனும் கிடையாது. ஆள் முப்பது வருடமாகக் கலியாணப் பதிவுகாரர். பதிவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு வைத்து, நீளமான தன் சொந்தக் கொப்பியில் விவரம் எடுப்பார். அரசாங்கப் படிவம் என்ன கேட்கிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அவருடைய கொப்பியில் மூன்று கட்டம் உண்டு. மூன்று கட்டத்துக்கும் மூன்று கேள்வி உண்டு.

"ரெண்டு பேருக்கும் ஆகாத ஒறவு ஏதும் ஈக்கா?"

"பால்குடி ஒறவு ஈக்கா?"

"மறைச்ச ஐபு ஏதும் ஈக்கா?"

முதல் கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். அண்ணன் தங்கை கலியாணம் எழுத யாரும் வரப்போவதில்லை. இரண்டாவதில்தான் எப்போதாவது விக்கல் எடுக்கும். ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பாகிவிடுவார்கள், கட்டிக்கொள்ள முடியாது. ஒரு தடவை பெண்ணின் பெரியம்மா திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது தாய் காய்ச்சலில் விழுந்து, ஒரு வாரம் பெண்ணின் உம்மாதான் அவனுக்கும் பால் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கே வாடகைக் கதிரைகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஊரே மூக்கில் விரலை வைத்தது. மீராசாஹிப் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொழப் போனார்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த மௌனம்தான் ஆளைக் கொல்லும். ஐபு என்றால் குறை. உடம்பிலோ குணத்திலோ குடும்பத்திலோ மற்றப் பக்கத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கும் குறை. கண்ணாடி துடைத்து முடிவதற்குள் ஒருத்தன் தன் குறட்டையை ஒப்புக்கொண்டான். இன்னொருத்தன் தலையிலிருந்த முடியையே கழற்றி மேசையில் வைத்தான். பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். இப்போது நாலு பிள்ளை.

"மறைச்சாத்தான் அது ஐபு. செல்லிட்டா வெறும் செய்தி," என்பார் மீராசாஹிப்.

இப்படிப்பட்ட மனிதர் மாடும் வளர்த்தார். வம்பு அங்கேதான் தொடங்கியது.

அவருடைய தென்னந்தோட்டத்துக்குள் பதினொரு உருப்படி. அத்தனையும் சாஹிவால் இனத்துச் சிவப்பு, சூளையிலிருந்து இப்போதுதான் இறக்கிய செங்கல் மாதிரி. ஒரே திமில், ஒரே தொங்கு காது, வந்தவர்களை 'நீ யார்?' என்று கேட்பது போன்ற ஒரே பார்வை. எது எதுவென்று தெரியாமல், கறந்த பசுவையே இரண்டாந்தரம் கறக்கப் போய் உதை வாங்கிய பிறகு, அவருடைய மனைவி பளீலா ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் சீலைத்துண்டு கட்டிவிட்டிருந்தாள்.

இத்தனைக்கும் மூலகாரணம் சுல்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் குருநாகல் பக்கத்தில் இளங்காளையாக அவனைக் கண்ட மீராசாஹிப், கண்ட இடத்திலேயே மனதைப் பறிகொடுத்தார். வீட்டுக்குக் கொண்டு வந்தார். சுல்தானுக்கு மகள்கள் பிறந்தார்கள். மகள்கள் வளர்ந்ததும் அவர்களுக்கும் சுல்தானையே கட்டிக் கொடுத்தார். பேத்திகள் வந்தார்கள். அவர்களுக்கும் சுல்தான்தான். கால்நடை டொக்டர் இதை 'லைன் பிரீடிங்' என்றாள். மீராசாஹிப் 'வழி பிடிக்கிறது' என்றார். நல்ல ஒரு மிருகத்தின் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப அதே வழியில் கொண்டு வந்தால், அந்த அழகு கலையாமல் பிள்ளைக்குப் பிள்ளை இறங்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு பிழைக்கவும் இல்லை. மாவட்டக் கால்நடைக் கண்காட்சியில் 'ஒரு காளையின் பிள்ளைகள் மூன்று' என்று ஒரு போட்டி உண்டு. மூன்று பிள்ளைகளும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். இரண்டு வருடமாகக் கேடயம் மீராசாஹிப் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது.

மாட்டுச் சம்பந்தங்களையும் அவர் கலியாணக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் எழுதினார். வேறு விதமாகக் கோடு போட அவருக்கு வராது. மாப்பிள்ளை: சுல்தான். பெண்: செம்பருத்தி. சாட்சி: பளீலா. அதன் பிறகு அந்த மூன்று கட்டம். அங்கே வந்ததும் முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடும். அது என்ன எழுதிற்று என்று அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

டொக்டர் யூஜீனியா கற்பிட்டிக்காரி. மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைத் தென்னங்கன்றில் மாட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள்.

"நல்லது இல்லையெண்டு நான் சொல்லேல்ல மீராசாஹிப் நானா," என்பாள். "கன்று பிறக்க முதலே எப்பிடி இருக்குமெண்டு நீங்க சொல்றீங்க, அப்பிடியே பிறக்குது. இந்த மாவட்டத்தில வேற ஆராலயும் ஏலாது. ஆனா நல்லது ரெட்டிச்சு வாற வழியாலதான் கெட்டதும் ரெட்டிச்சு வரும். சினை பிடிக்கிறது குறையும். கன்று நோஞ்சானாகும். ஒருக்கா வெளி ரத்தம் விடுங்க."

"டொக்டர், நல்ல உறமோரு கெடச்சா ஆராச்சும் உடுவாங்களா? நேத்தைய தயிரெடுத்து இன்டைக்கி, இன்டைய தயிரெடுத்து நாளைக்கி. ருசி மாறவே மாறாது."

பளீலா அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா அடுத்த ஊட்டுல போய் நான்தான் வேற உறமோரு வாங்கி வாற. இல்லாட்டி தயிரு நூல் நூலா இழுக்கும். இவருக்கு அதெல்லாம் எங்க தெரியும்? சாப்பிட மட்டும்தான் தெரியும்."

மீராசாஹிப் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருடம் இரண்டு பசுக்கள் மூன்று தடவை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. வெயில் என்றார். கச்சான் காற்று என்றார். பக்கத்துக் கலியாண வீட்டு ஒலிபெருக்கி என்றுகூடச் சொன்னார். சுல்தான் என்று மட்டும் சொல்லவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மருதாணி கன்று போட்டது.

மருதாணிதான் அவருடைய கண்ணின் மணி. அதன் தலைச்சன் கன்று சின்னச் சுல்தானுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பனை அச்சில் வார்த்தது போன்ற நாம்பன், இளங்காளை, கண்காட்சிக்கென்றே பிறந்தவன். இரண்டாவதும் அப்படித்தான் இருக்குமென்று காத்திருந்தார். காளைக்கன்று. நிறம் சரி, காது சரி. வாயைப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு விரல்கடை குட்டையாக இருந்தது. மேலுதடு கிளியின் மூக்கு மாதிரி வளைந்து முன்னே தொங்கியது. கன்று தாயின் மடியில் முட்டிப் பார்த்தது, முலையைப் பிடிக்கப் பார்த்தது, பிடி வழுகிற்று. திரும்ப முட்டியது. திரும்பவும் வழுகிற்று.

பளீலா சூப்பிப் போத்தலைத் தேடி எடுத்தாள். சூப்பியின் துளையைப் பெரிதாக்கி, கன்றின் தலையைத் தன் மடியில் அணைத்து, பாலை மெல்ல மெல்ல இறக்கினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி அவள் உடுப்பில் போயிற்று. மூன்றாம் நாள் அதற்குக் கிளியன் என்று பேரும் வைத்துவிட்டாள்.

மீராசாஹிப் பேர் சொல்லவில்லை. 'அந்தச் சாமான்' என்றார். அந்தச் சாமானைத் தோட்டத்தின் பின்னாலிருந்த பழைய வெங்காயக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் விட்டு, முன்னால் ஓலைத்தட்டி ஒன்றைக் கட்டினார். மருதாணி கன்று போட்டதா என்று கேட்டவர்களிடம் "அல்லாஹ் குடுத்தான்" என்று சொல்லி, உடனே மழையைப் பற்றிப் பேசினார். அது பொய்யில்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் யூஜீனியா ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தாள். வெளி மாகாணத்து இனவிருத்திப் பண்ணை ஒன்று நல்ல சிவப்பு நாம்பன் தேடுகிறது. கண்காட்சிக்கு அதிகாரி வருகிறார். பிடித்தால் கொண்டுபோவார்கள். பிறகு அந்தக் காளையின் பிள்ளைகள் ஊரூராக, ஏழைபாழைகளின் வீட்டுக் கொட்டில்வரை போய்ச் சேரும்.

மீராசாஹிப்புக்குத் தலைகால் புரியவில்லை. சின்னச் சுல்தான் போவான். சுல்தானின் முகம் நாடு முழுக்கப் பரவும். அவர் செத்துப் போன பிறகும் எங்கோ ஒரு ஊரில் ஒரு பசு அந்தப் பார்வை பார்க்கும். பிள்ளையில்லாத மனிதர் அவர். அந்த ஆசை அவருக்கு எவ்வளவு பெரிது என்று பளீலாவுக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டு, காலைச் சாப்பாட்டில் பாணைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்க. சின்னச் சுல்தானும் கிளியனும் ஒரே உம்மா, ஒரே வாப்பா."

"அதுக்கு?"

"மூணாவது கேள்விய ஒங்களுக்கிட்ட ஆரு கேக்கிற?"

மீராசாஹிப் பாணைத் தேநீரில் நனைத்தார். அது ஊறிக் கரைந்து கோப்பைக்குள் விழுந்தது. கரண்டியால் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்காட்சி மதுரங்குளிப் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்தது. விடிந்ததும் விடியாததுமாக மீராசாஹிப் மூன்று மாட்டையும் பளீலாவின் ஷாம்பூவால் குளிப்பாட்டினார். குளம்புக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். வால் மயிரைச் சீப்பால் வாரினார். கலியாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் நடந்திருக்காது. சின்னச் சுல்தானும் இரண்டு அரைச்சகோதரிகளும் லொறியிலிருந்து இறங்கியபோது கூட்டம் தானாக வழி விட்டது.

பக்கத்துக் கட்டையில் உடப்பு ஊர் விநாயகமூர்த்தி தன் மூன்றையும் கட்டியிருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி, ஒன்று சாம்பல். மூன்றும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். தகப்பன் கோணக்கொம்பன். அவனுடைய ஒரு கொம்பு சிலாபத்தைப் பார்க்கும், மற்றது புத்தளத்தைப் பார்க்கும். ஆனால் மூன்றும் திமுதிமுவென்று, புல்லுக்கட்டைக் கண்டால் கயிற்றை அறுக்கும் பலத்தோடு நின்றன.

"நானா, இந்த முறையும் உங்களுக்குத்தான்," என்றார் விநாயகமூர்த்தி. வருடா வருடம் தோற்றுவிட்டு வருடா வருடம் சிரிக்கும் மனிதர். "நான் சும்மா சனத்தப் பார்க்க வந்தன்."

"ஒண்ட மாடு சந்தைக்கி வந்த மாதிரி நிக்கிது மூர்த்தி. மூணு ஊட்டுப் புள்ளயளப் புடிச்சிட்டு வந்தியா?"

"மூண்டும் முதல் முறையிலேயே சினைப்பட்டுப் பிறந்தது நானா. அதுக்குக் கேடயம் குடுக்கிறாங்களா?"

மீராசாஹிப்புக்கு அந்தப் பகிடி ரசிக்கவில்லை.

நடுவர் வந்தார். மீராசாஹிப்பின் மூன்றையும் சுற்றிச் சுற்றி நடந்தார். பார்த்ததையே இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பார்க்காததை விட்டுவிட்டார். பளீலா கட்டியிருந்த சீலைத்துண்டுகளைக் காட்டித்தான் அவருக்கு எது எதுவென்று சொல்லவேண்டியிருந்தது. பிறகு பேச்சென்ன? மூன்றாவது வருடமும் கேடயம் அவருக்கே. கை தட்டினார்கள். விநாயகமூர்த்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

பண்ணை அதிகாரி றவூப் ஒரு மரநிழலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னச் சுல்தானைப் பார்த்த நேரத்திலிருந்து முகம் மலர்ந்தபடியே இருந்தது. வம்சக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டார். மீராசாஹிப் நீட்டினார். றவூப் பெயர்களைப் படிக்கும் ஆளில்லை, கட்டங்களைப் படிக்கும் ஆள். விரலை மேலிருந்து கீழே ஓடவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! ஆகாத ஒறவு: இல்லை. இல்லை. இல்லை. ஒரு சோடிகூட சொந்தத்துக்குள்ள இல்ல. ஐபு: இல்லை, இல்லை, இல்லை. நானா, வேற வேற ரத்தத்துல இப்பிடி ஒரே அச்சா எடுத்த மனிசன நான் இன்டைக்கித்தான் பாக்கிற!"

மீராசாஹிப் மேசைமேல் குனிந்து பார்த்தார். தன் கையெழுத்துத்தான். அழகான, சாய்வான, முப்பது வருடமாக மாறாத கையெழுத்து. சுல்தானுக்கும் அவன் மகளுக்கும் இடையே ஆகாத உறவு இல்லை. சுல்தானுக்கும் அவன் பேத்திக்கும் இடையே இல்லை. மாப்பிள்ளைமாரின் கட்டத்தை நிரப்பிப் பழகிய கை, மாட்டுக்கும் அப்படியே நிரப்பிக்கொண்டு போயிருக்கிறது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கொப்பிதானே பொய் சொல்லிற்று, நான் சொல்லவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது. வெட்கமில்லாத நினைப்பு. அதை விரட்டாமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து," என்று றவூப் கடதாசி ஒன்றை நகர்த்தினார். இந்தக் காளையின் தாய் தகப்பனிடமோ கூடப் பிறந்தவற்றிடமோ பிறவிக்குறை எதுவும் கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. "கீழ ஒரு சாட்சியும் வேணும்."

"சாட்சிக்கு நான் இருக்கிறன் சேர்," என்று விநாயகமூர்த்தி முன்னால் வந்தார். மேசையிலிருந்த பேனையை எடுத்து, மீராசாஹிப் போடுவதற்கு முன்பே சாட்சியின் கோட்டில் பேனையை வைத்துவிட்டார்.

மீராசாஹிப்பின் கை பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது.

"மூர்த்தி, என்னத்துக்குச் சாட்சி போடப் போற எண்டு வாசிச்சியா?"

"வாசிக்க என்ன இருக்கு நானா? நீங்க சொன்னாச் சரிதான். உங்களுக்கு முன்னால இருந்து பொய் சொன்னவன் ஒருத்தனும் இல்லையெண்டு உடப்பு வரைக்கும் தெரியும்."

அந்த மனிதர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் மீராசாஹிப்பின் நெஞ்சில் இடித்தது. தோற்றவன் வந்து, வென்றவனின் பொய்க்குத் தன் பெயரை இரவல் கொடுக்கிறான். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு ஊரில், முகம் தெரியாத ஒருத்தி தன் ஒற்றைப் பசுவுக்குப் பிறந்த கன்றைத் தாயிடம் விட்டு, அது முட்டுவதையும் வழுகுவதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் போத்தல் தேடித் தர அங்கே பளீலா இல்லை.

மீராசாஹிப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எதிரே மாப்பிள்ளை யாரும் இல்லை.

"மறைச்ச ஐபு ஏதும் ஈக்கா?" என்று உரக்கக் கேட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அவரே பதிலும் சொன்னார். "ஓம். ஈக்கு. இவன்ட கூடப் பொறந்த தம்பி எங்கட வெங்காயக் கொட்டிலுக்குள்ள ஈக்கான். கிளிவாய். சூப்பிப் போத்தல்லதான் பால். ரெண்டு மாசமா நான்தான் மறைச்சு வெச்சீக்கிற."

றவூப் கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப இந்த 'இல்லை' எல்லாம்?"

"அது கைப்பழக்கம். அந்தப் பேனையத் தாங்க சேர். திருத்திடுவம். மூர்த்தி, பேரை வாசி."

விநாயகமூர்த்தி கொப்பியைத் தூக்கிப் பிடித்தார். "செம்பருத்தி, சுல்தான்."

"வாப்பாவும் மகளும்." எழுதினார்.

"மருதாணி, சுல்தான்."

"வாப்பாவும் மகளும். அதோட மூத்தவாப்பாவும் பேத்தியும்."

"ரெண்டில எது நானா?"

"ரெண்டும்தான். செம்பருத்தி பெத்ததுதான் மருதாணி. ரெண்டுக்கும் சுல்தான்தான் வாப்பா."

கட்டத்துக்குள் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினார். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்ற பளீலா விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப சுல்தான் தனக்குத் தானே மாமனார்!"

அதோடு மைதானமே வெடித்தது. றவூப்பும் சிரித்தார், நடுவரும் சிரித்தார். மீராசாஹிப்புக்கே உதடு துடித்தது. எல்லாப் பெயரையும் வாசித்து, எல்லா உறவையும் திருத்தி முடிக்கும்போது பக்கம் முழுக்க மை கொட்டிய மாதிரி இருந்தது.

சின்னச் சுல்தானைப் பண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியாது என்று றவூப் மரியாதையாகவே சொன்னார். கேடயம் மட்டும் நின்றது. மூன்றும் ஒத்திருக்கிறதா என்பதுதான் போட்டி, எப்படி ஒத்திருந்தது என்பதல்ல என்று நடுவர் கையை விரித்துவிட்டார். நாம்பனைத் திரும்ப லொறியில் ஏற்றும்போது மீராசாஹிப்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கன்றுக்குட்டியாக இருந்த நாள் முதல் அவன் இந்த மைதானத்திலிருந்து எங்கோ பெரிய இடத்துக்குப் போவதைத்தான் மனதில் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவன் அதே வாயிலால் வீட்டுக்கு வருகிறான்.

யூஜீனியா லொறிப் படியில் கை ஊன்றி நின்றாள்.

"எல்லாத்தையும் கெடுத்திட்டன், டொக்டர்," என்றார் அவர். "நல்ல ரத்தமெண்டு சேர்த்துச் சேர்த்து நானே குறைய உண்டாக்கிட்டன்."

"இல்ல நானா. அது குறைய உண்டாக்காது. முன்னமே உள்ளுக்குள்ள ஒளிச்சுக் கிடந்தத வெளியில இழுத்துப் போடும், அவ்வளவுதான். நீங்க மாப்பிள்ளைமாரிட்ட கேக்கிற கேள்விய, உங்கட மாடு உங்களிட்ட கேட்டிருக்கு."

மீராசாஹிப் லொறியில் ஏறி உட்கார்ந்தார். லொறி புறப்பட்டு, முந்தல் பக்கத்து உப்புக்காற்று முகத்தில் அடித்த பிறகு, மெல்லச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த பளீலா எதற்கென்று கேட்டாள். "ஒனக்குத்தான் வேற உறமோரு எங்க வாங்குறெண்டு தெரியுமே. செல்லு," என்றார்.

"உடப்புல," என்றாள் பளீலா, யோசிக்காமலே.

அடுத்த வாரம் விநாயகமூர்த்தியின் லொறி கனமூலைக்கு வந்தது. கோணக்கொம்பன் ஒரு கொம்பால் படலையையும் மற்றதால் பளீலாவின் முருங்கைக் கிளையையும் சாய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். மருதாணி அவனைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டது. முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது.

மீராசாஹிப் மேசை போட்டார், கொப்பியை விரித்தார், புதுப் பக்கத்தில் கோடு போட்டார். வழக்கமாகத் தான் இருக்கும் கதிரையை விநாயகமூர்த்திக்குக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்டைக்கி நான் பொண்ணு ஊட்டுக்காரன். நீதான் கேக்கோணும்."

விநாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஆகாத உறவு ஏதும் இருக்கா?"

மீராசாஹிப் உடனே எழுதவில்லை. கோணக்கொம்பனின் தாய் எங்கே வாங்கியது, தகப்பன் யாருடையது, குருநாகல் பக்கத்துத் தொடுசல் ஏதும் உண்டா என்று குடைந்து குடைந்து கேட்டார். மூர்த்தி அலுத்துப் போகிற அளவுக்குக் கேட்டுவிட்டு, 'இல்லை' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, எழுதியதை இரண்டு தரம் வாசித்தார்.

"பால்குடி உறவு?"

"மூர்த்தி, கனமூலைலேந்து பசு உடப்புக்கு நடந்து போய்ப் பால் குடுத்துட்டு வருமா?"

"வழமைய விடக்கூடாது நானா. எழுதுங்க." பிறகு மூர்த்திக்கு என்ன தோன்றிற்றோ, துடைக்கக் கண்ணாடி இல்லாததால் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். "மறைச்ச ஐபு?"

இந்தப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தால் அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று மீராசாஹிப்புக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பளீலா," என்று கூப்பிட்டார். "கிளியனக் கூட்டிட்டு வா."

பளீலா ஓலைத்தட்டியை அவிழ்த்தாள். கிளியன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி வந்து, நேராக மீராசாஹிப்பின் சாரன் நுனியை வாய்க்குள் இழுக்கப் பார்த்தான். வழுகிற்று. அவர் தன் இரண்டு விரலை அவன் வாய்க்குள் கொடுத்தார். சப்பிக்கொண்டு நின்றான். விநாயகமூர்த்தி எழும்பி வந்து, குனிந்து, தாடையைத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சரி நானா. எனக்குச் சம்மதம். எங்கட பக்கத்துக் கொம்பையும் அதில எழுதிவிடுங்க. பிறகு சொல்லேல்ல எண்டு கதை வரக்கூடாது."

மூன்றாவது கட்டத்தில் பேனையை வைத்ததும் கை பழக்கத்தில் 'இ' என்று தொடங்கிவிட்டது. மீராசாஹிப் அதைப் பிடித்து நிறுத்தினார். அந்த எழுத்தை வெட்டினார். பெண் பக்கம் கிளிவாய் உண்டு, மாப்பிள்ளை பக்கம் கொம்பு கோணல் உண்டு என்று முழுதாக எழுதினார். பளீலாவின் கையெழுத்தை வாங்கிய பிறகு, கொப்பியைத் திருப்பிப் பேனையை விநாயகமூர்த்தியிடம் நீட்டினார்.

"வாசி," என்றார். மூர்த்தி வாசித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப போடு."